சிஆர்பி 4.6: தட்டை மாற்றினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. கணினி முன் வேலை. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும். சமீபத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டதில் ஹெச்எஸ்-சிஆர்பி 4.6 என்று வந்தது. 'உடலில் அழற்சி இருக்கிறது' என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து தடவை சளி, காய்ச்சல் வந்துவிடுகிறது. இணையத்தில் படித்துவிட்டுப் பால், கோதுமை, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகள் எடுக்கிறேன். பரிசோதனைக்கு முந்தைய மாதம், இரவு பன்னிரண்டுக்குப் படுத்தாலும் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஓட ஆரம்பித்தேன். இரண்டாவது வாரமே தொண்டை வலி, காய்ச்சல். அது விட்டு ஒரு வாரத்தில்தான் ரத்தம் கொடுத்தேன். 'உடற்பயிற்சி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்' என்கிறார் நண்பர். அழற்சியைக் குறைக்கப் போனால் எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து குறைந்துவிடுமா? எதைச் சாப்பிட, எதை விட? சளி இருக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா?

பதில்: முதலில் அந்த 4.6. இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம். காய்ச்சல் விட்ட ஒரே வாரத்தில் கொடுத்த ரத்தம் அது.

சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம்; அதன் மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் சோதனைதான் ஹெச்எஸ்-சிஆர்பி. உடலில் எங்காவது கிருமி நுழைந்தாலோ திசு காயப்பட்டாலோ, அங்குள்ள வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை ரத்தத்தில் விடும். அந்தச் செய்தி கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் சிஆர்பி ஏறத் தொடங்கும். கடுமையான பாக்டீரியா தொற்றில் நூறு, இருநூறு என்றுகூடப் போகும். செய்தி வருவது நின்றால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதிபாதியாகக் குறையும். ஆனால் தெர்மாமீட்டரில் சூடு இறங்கிய அன்றே செய்தி நின்றுவிடாது. தொண்டையிலும் மூக்கிலும் துப்புரவு வேலை இன்னும் பல நாள் நடக்கும். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். அதாவது தொற்றுக்கு உடனே துள்ளுவது இதன் பிறவிக் குணம்.

ஆகவே, எந்தத் தொந்தரவும் இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் போகட்டும். பிறகு ஒரு முறை எடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக ஓடவோ எடை தூக்கவோ வேண்டாம், அதுவும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். இதய நோய் அபாயத்தைக் கணிக்கும்போது, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று வைத்துக்கொள்கிறோம். 10ஐத் தாண்டினால் அந்தக் கணக்கே பொருந்தாது. தொற்றோ வேறு நோயோ இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். சிகரெட், ஈறு நோய் இரண்டும் இந்த எண்ணை உயர்த்தும். பல் மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நிறையப் பேர் எழுத மாட்டார்கள்.

இடுப்பும் சர்க்கரையும் சொல்வதை வைத்துப் பார்த்தால், மறுபடி எடுக்கும்போது எண் 4.6 ஆக இல்லாவிட்டாலும் 2, 3 என்று வர வாய்ப்பிருக்கிறது. அதனால் மீதியையும் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி நிறைய இருக்கிறது. உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது.

அதற்கு முன்னால் நீங்கள் கேட்ட ஒரு நல்ல கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அழற்சியைக் குறைத்தால் எதிர்ப்பு சக்தியும் குறையுமா? இரண்டும் வெவ்வேறு சமாச்சாரம் இல்லை என்பதை நீங்களாகவே பிடித்துவிட்டீர்கள். விரலில் கத்தி பட்டால் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அது எதிர்ப்பு சக்தி வேலை செய்யும் காட்சி. ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் முதலில் வந்து கிருமிகளைத் தின்னும், பிறகு அவையே செத்துப் போகும். அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் அந்தப் பிணங்களையும் குப்பையையும் விழுங்கிவிட்டு, குணத்தை மாற்றிக்கொண்டு, திசுவைச் சரிசெய்யும் வேலையில் இறங்கும். அழற்சி தானாக ஓய்ந்துவிடுகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தோம். அதை முடித்துவைக்கவும் உடல் தனியாகச் சில மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது; அவற்றில் ரிசால்வின்கள் என்ற வகை ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உருவாகிறது. நாலு நாளில் எழுந்து அடங்கும் இந்த அழற்சி இல்லாவிட்டால் ஒரு சின்னக் கீறலே ஆளைக் கொன்றுவிடும்.

தொல்லை தருவது வேறு வகை. சமையல் முடிந்த பிறகும் சிம்மில் விட்ட அடுப்பு மாதிரி, வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் ரத்தக் குழாயின் உட்சுவரும் கல்லீரலும் இன்சுலின் வேலை செய்யும் இடங்களும் வருடக்கணக்கில் அதில் வெந்துகொண்டிருக்கும்.

இதை மருந்தால் அணைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஹெச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த சுமார் பத்தாயிரம் பேருக்குக் கனகினுமாப் என்ற மருந்தையோ, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் கரைசலையோ ஊசியாகப் போட்ட ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. கான்டோஸ் என்று அதற்குப் பெயர். அழற்சிப் புரதங்களில் ஒன்றை மட்டும் அந்த மருந்து தடுக்கும். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. ரத்தக் கொழுப்பின் அளவில் பெரிய மாற்றமே இல்லாமல். ஆனால் தொற்றால் இறந்தவர்கள் எண்ணிக்கை, மருந்து போட்டுக்கொண்டவர்களிடம் அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் பயம் மருந்து விஷயத்தில் சரியானது. உணவும் நடமாட்டமும் அந்த வழியில் போவதில்லை. அவை எந்தப் புரதத்தின் வாயையும் அடைப்பதில்லை, அழற்சி எரியக் காரணமாக இருப்பதைக் குறைக்கின்றன. வீக்கமே எழாதபடி செய்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

காரணம் எங்கே இருக்கிறது? உங்கள் விஷயத்தில், பெரும்பாலும் அந்த இரண்டு அங்குலத்தில். கொழுப்புத் திசுவை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1993இல் பருமனான எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தானே தயாரிக்கிறது, அது இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது என்று கோக்கான் ஹோடமிஸ்லிகில் குழுவினர் காட்டினார்கள். பத்து வருடம் கழித்து, அந்தத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பது தெரிய வந்தது. கொழுப்புச் செல் அளவுக்கு மீறிப் பெருத்துச் செத்துப்போக, அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வளையமாக நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிடக் குடலைச் சுற்றிப் படியும் உள்வயிற்றுக் கொழுப்பில்தான் இந்தச் சண்டை அதிகம். அங்கிருந்து புறப்படும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் சிஆர்பி தயாரிக்கிறது. இன்சுலினுக்குச் செல்கள் சரியாகப் பதில் சொல்லாததால் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. உங்கள் அறிக்கையில் மூன்று பிரச்சினைகள் போலத் தெரிவது அநேகமாக ஒன்றுதான்.

இனி தசைக்கு வருவோம். ஓடும்போது தசை சுருங்கச் சுருங்க, அதுவும் இன்டர்லூக்கின்-6ஐ வெளியிடுகிறது. ஆம், அழற்சிக்குச் செய்தி சொல்லும் அதே புரதம்தான். மாரத்தான் போன்ற நீண்ட ஓட்டத்தில் ரத்தத்தில் இதன் அளவு நூறு மடங்கு வரைகூட ஏறும். முதலில் பார்த்தவர்கள், தசை சேதமாவதால் வருகிறது என்று நினைத்தார்கள். கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சனின் குழு, சேதமே இல்லாமலும் தசை இதை வெளியிடுகிறது என்று காட்டியது. வெள்ளணுவிலிருந்து வரும்போது டிஎன்எஃப்பும் கூட வரும். தசையிலிருந்து வரும்போது அது வருவதில்லை. அதற்குப் பதிலாக அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவை பின்னாலேயே ஏறுகின்றன. ஒரே புரதம், புறப்படும் இடத்தையும் கூட வரும் கூட்டத்தையும் பொறுத்து நேர் எதிரான வேலை செய்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அதே குழு 2003இல் செய்த சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஆண்களுக்கு ஈ-கோலை பாக்டீரியாவின் நச்சைச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளில் டிஎன்எஃப் எகிறியது. மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்த நாளில் அதே ஊசிக்கு அது ஏறவே இல்லை. சைக்கிளுக்குப் பதில் இன்டர்லூக்கின்-6ஐ மட்டும் ரத்தத்தில் செலுத்தியபோதும் அதே விளைவுதான். பிறகு 2019இல் இன்னொரு கேள்வி கேட்டார்கள். தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களில் பாதிப் பேருக்கு இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மருந்து இல்லாதவர்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு, அதே பயிற்சி செய்தும், குறையவில்லை. ஆக, தசை அனுப்பும் அந்தச் செய்தி கொழுப்பைக் கரைக்கும் வேலையிலும் பங்கு வகிக்கிறது.

அசையாமல் உட்கார்ந்திருந்தால் இந்தச் செய்தி எதுவும் கிளம்பாது. 'உடற்பயிற்சி செய்யவில்லை' என்பதும் 'நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்' என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். 2008இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்வு ஒன்றில், தினமும் பத்தாயிரம் காலடி நடந்துகொண்டிருந்த இளைஞர்களிடம் மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், நடைக்குப் பதில் கார் என்று சொல்லி, நடையை 1,350 காலடி அளவுக்குக் குறைத்தார்கள். இரண்டே வாரம். அதே அளவு சர்க்கரைக்கு உடல் முன்னைவிட அதிக இன்சுலின் சுரக்க வேண்டியதாயிற்று. மொத்தக் கொழுப்பு கூடவில்லை, ஆனால் உள்வயிற்றுக் கொழுப்பு 7 சதவீதம் கூடியது. அவர்கள் வயதையும் உங்கள் வயதையும் ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுக்கையில் கிடப்பது இதைவிட மோசம். 1966இல் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த மூன்று வாரம் எடுத்துக்கொண்டதைவிடக் குறைவாக இருந்தது.

இங்கே நல்ல செய்தியும் உண்டு. மெல்போர்னில் 2012இல் செய்த ஆய்வில், அதிக எடையுள்ளவர்களைத் தொடர்ந்து உட்கார வைத்தும், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டே நிமிடம் மெதுவாக நடக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். சர்க்கரைப் பானம் குடித்த பிறகு ஏறும் சர்க்கரையும் இன்சுலினும், எழுந்து நடந்த நாளில் ஏறக்குறைய கால்பங்கு குறைவு. பானம் அதேதான், நாற்காலியும் அதேதான். 2016இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்து அலசியதில், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான பயிற்சி செய்பவர்களிடம் காணப்படவில்லை. ஆனால் தினம் ஒன்றேகால் மணி நேரம் என்பது உங்கள் அட்டவணையில் எளிதில் நுழையாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நாற்காலியிலிருந்து தொடங்கச் சொல்லப் போகிறேன்.

அப்புறம் உங்கள் நண்பர் சொன்னது. அவர் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானுக்குப் பிறகு, ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் சளித் தொந்தரவு என்றார்கள். பதிவு செய்துவிட்டு ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். கடும் பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறைவதையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து, பயிற்சிக்குப் பின் உடலின் கதவு திறந்துகிடக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. இப்போது அதை நிறையப் பேர் கேள்வி கேட்கிறார்கள். ரத்தத்தில் காணாமல் போன செல்கள் சாகவில்லை, நுரையீரல், குடல் போன்ற கிருமி நுழையும் இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்பதற்கு ஆதாரம் சேர்ந்திருக்கிறது. ஓட்டக்காரர்களின் தொண்டைக் கரகரப்பு எல்லாமே தொற்று என்றும் சொல்ல முடியாது. வறண்ட காற்றை மணிக்கணக்கில் வாயால் இழுத்தாலும் கரகரக்கும். கூட்டம், பயணம், தூக்கமின்மை எல்லாம் மாரத்தானோடு சேர்ந்தே வருகின்றன.

மிதமான பயிற்சியின் கதை வேறு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 1,002 பேரை 12 வாரம் கவனித்தார்கள். வாரம் ஐந்து நாளாவது பயிற்சி செய்தவர்கள், அசையாதவர்களைவிடச் சளித் தொந்தரவோடு கழித்த நாட்கள் 43 சதவீதம் குறைவு. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் நடக்கவே போகிறார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். இருந்தாலும் திசை தெளிவு. 2018இல் பிரிட்டனில் 55 முதல் 79 வயது வரையிலான 125 நீண்டதூரச் சைக்கிள்காரர்களைச் சோதித்தார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்கும், டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் புதிதாக வருவது குறையும். இவர்களிடம் அந்த வரத்து இளைஞர்களுக்கு இணையாக இருந்தது.

அப்படியானால் உங்களுக்கு ஏன் இரண்டாவது வாரமே காய்ச்சல்? ஓட்டத்தைவிட எனக்கு அந்த அலாரத்தின் மேல்தான் சந்தேகம். பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். 2015இல் வெளிவந்த ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி மூலம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு சொட்டாக விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல். எல்லோருக்கும் போனது ஒரே வைரஸ். நீங்கள் உடற்பயிற்சிக்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்தீர்கள். அந்தப் பேரத்தில் நஷ்டம்தான். இன்னொன்று, பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சகஜம். நாலைந்து கொஞ்சம் அதிகம், ஆனால் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

இனி சாப்பாடு. நீங்கள் நிறுத்திய பட்டியலை முதலில் கலைத்துவிடுவோம். பாலும் தயிரும் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அழற்சியை உயர்த்துவதாகச் சோதனைகள் காட்டவில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு மேல் போட்ட பழிக்கு மனிதர்களிடம் உருப்படியான ஆதாரம் கிடையாது. கோதுமை, அதன் புரதத்தால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு உண்மையாகவே கெடுதல். அப்படிச் சந்தேகம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். பாலை நிறுத்திவிட்டு வேறெதையும் சேர்க்கவில்லை என்றால் புரதமும் குறைந்திருக்கும். கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளே புரதங்கள்தான். தசையும் அப்படித்தான்.

நிறுத்துவதைவிடச் சேர்ப்பதில்தான் லாபம் அதிகம், அதில் முதலிடம் நார்ச்சத்துக்கு. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். எதிர்ப்பு சக்தியைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் உருவாகவும் அது உதவுகிறது. நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்த எலிகளில், பசித்த பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி, பழமும் என்கிறது. பருப்பு, பயறு, முழுதானியம், காய், பழம், கொட்டைகள் தட்டில் பாதிக்கு மேல் இருந்தால் கணக்குப் பார்க்காமலே அங்கே போய்ச் சேர்வீர்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு எங்களில் பலரை ஆச்சரியப்படுத்தியது. பாதிப் பேர் நார்ச்சத்தைக் கூட்டினார்கள், பாதிப் பேர் தயிர் போன்ற புளிக்கவைத்த உணவுகளைக் கூட்டினார்கள். பத்து வாரத்தில் புளித்த உணவுக் குழுவில் குடல் பாக்டீரியாக்களின் வகைகள் பெருகின, 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. ஜெயிக்கும் என்று நினைத்த நார்ச்சத்துக் குழுவில் அப்படி ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் நீங்கள் தயிரை நிறுத்திவிட்டு மாத்திரை வாங்கியது எவ்வளவு தலைகீழ் என்று காட்ட இது போதும்.

குறைக்க வேண்டியவை சிலவே: சர்க்கரை கலந்த பானங்கள், ஆலையில் இறுக்கிய டிரான்ஸ் கொழுப்பு, பாக்கெட்டில் வரும் அதீதமாகப் பதப்படுத்திய உணவுகள். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது தினமும் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது. எடை 0.9 கிலோ ஏறியது. அழற்சியை நேரடியாக ஏற்றுகிறதோ இல்லையோ, இடுப்பைப் பெருக்குவதே போதும், இவற்றைக் குறைக்க. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கொழுப்புள்ள மீன் வாரம் இரண்டு முறை. சாப்பிடாதவர் என்றால் ஆளிவிதை, வால்நட்.

மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள். தினமும் வைட்டமின் சி எடுப்பதால் சாதாரண மனிதர்களுக்குச் சளி வருவது குறைவதில்லை. வந்தால் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவத்தினர் போன்றவர்களுக்கு மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது. வைட்டமின் ஈயையும் சேர்த்து அதிக அளவில் எடுத்தால் வேறு சிக்கல். 2009இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், நாலு வாரப் பயிற்சியால் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. சி, ஈ இரண்டையும் எடுத்தவர்களுக்கு அந்த மேம்பாடு வரவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் தசைக்கு 'மாறிக்கொள்' என்று சொல்கின்றன, மாத்திரை அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. வைட்டமின் டி, துத்தநாகம், இரும்பு ஆகியவற்றில் குறைபாடு இருந்தால் திருத்துவது வேறு விஷயம், பரிசோதித்துவிட்டுச் செய்யலாம். 'எதிர்ப்பு சக்தியைப் பூஸ்ட் செய்யும்' என்று எழுதிய எதையும் வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள்: எதிர்ப்பு சக்தி தேவைக்கு மேல் துள்ளினால் அதற்குப் பெயர் ஒவ்வாமை, முடக்குவாதம்.

சரி, நாளையிலிருந்து என்ன செய்வது? முதலில் தூக்கம், ஏழு மணி நேரம். அது அமையும் வரை ஓட்டம் வேண்டாம். இரண்டாவது நாற்காலி. அரை மணிக்கு ஒரு முறை ஃபோனில் அலாரம் வைத்து எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். ஃபோன் பேச்சு எல்லாம் நின்றபடியோ நடந்தபடியோ இருக்கட்டும். மதியம், இரவு சாப்பிட்ட பிறகு பத்து நிமிட நடை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இந்தப் பத்து நிமிடம் தங்கம். இதெல்லாம் மூன்று வாரம் பழகிய பிறகு, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் அரை மணி நேர நடை, வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 முதல் 300 நிமிடத்தின் கீழ் வரம்பு அதில் வந்துவிடும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால், குதிகால் உயர்த்துவது போதும், ஜிம் தேவையில்லை. ஓட ஆசை என்றால் இரண்டாவது மாதத்தில் நடைக்கு நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நுழைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடியும் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாதது நீங்கள் செய்த புண்ணியம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பெரும்பாலானவர்களுக்குச் சிஆர்பி இறங்கிவிடும். ஆனால் இன்சுலின் அதற்கு முன்பே, எடை முள் அசையாதபோதே, சரியாகத் தொடங்கும். அதனால் எடை மெஷினோடு சண்டை போடாதீர்கள், மாதம் ஒரு முறை இடுப்பை அளங்கள்.

மறுபரிசோதனையில் 10ஐத் தாண்டினாலோ, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் உடை நனையும் வியர்வை, மலத்தில் ரத்தம், நடக்கும்போது நெஞ்சு வலி இவற்றில் ஏதாவது இருந்தாலோ இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நேரில் ஒரு மருத்துவரிடம் போங்கள். நிமோனியா போன்ற பெரிய தொற்று திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே. சிஆர்பியோடு ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு சிஆர்பி எதையும் சொல்லாது.

கடைசியாகச் சளியும் உடற்பயிற்சியும். மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலேயே நின்றால் மெதுவான நடை போகலாம். பத்து நிமிடத்தில் உடம்பு மோசமாகத் தோன்றினால் திரும்பிவிடுங்கள். காய்ச்சல், உடல் வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் முழு ஓய்வு. வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் தொடும், அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது ஆபத்து. காய்ச்சல் விட்ட மறுநாளே பழைய வேகத்துக்குப் போகாதீர்கள், இரண்டு மூன்று நாள் நடையிலேயே இருந்துவிட்டுப் போங்கள். நாற்காலியை விட்டு எழுவதற்கு மட்டும் காய்ச்சல் நாளிலும் தடை இல்லை.